உறைக்கு ஒரு கரண்டி

பொற்கொடியின் வலைப்பூவைப் புதிதாக ஒருவர் பின்தொடரத் தொடங்கினால், அவள் குடியிருந்த மூன்றாம் மாடி காரிடாரில் ஒரு கதவு கூடும். கதவுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும். வீட்டில் ஒரு பெண் இருப்பாள். பெரும்பாலும் அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும்.

இதற்காக அபார்ட்மெண்ட் சங்கத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வீடு கூடினால் பராமரிப்புக் கட்டணமும் கூடும். செயலாளர் பொற்கொடியைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் அடிக்கடி எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

புதிய கதவு எப்போதும் அவள் கதவுக்கு அடுத்ததாகத்தான் முளைக்கும். வலைப்பூவில் புதியது முன்னால் வரும், பழையது கீழே போகும் என்பது தெரிந்ததுதானே. ஒவ்வொரு கதவும் வர வர, முன்பு வந்தவை லிஃப்ட் பக்கமாகத் தள்ளிப் போயின. காரிடார் நீண்டுகொண்டே இருந்தது.

நீளம் ஒரு அளவைத் தாண்டியதும் பொழுது எல்லோருக்கும் ஒன்றுபோல விழவில்லை. அவரவர் வாசலில் அவரவர் பொழுது. பொற்கொடியின் வாசலில் காலை. நடுவில் உள்ள வீடுகளில் உச்சி வெயில். அதற்கும் அப்பால் சாயங்காலம். லிஃப்ட்டை ஒட்டி இருட்டு.

அவள் கணவன் கதிரேசன் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கிளம்புவான். லிஃப்ட்டை அடையும்போது இருட்டியிருக்கும். இந்நேரம் ஆபீஸ் மூடியிருப்பார்கள் என்று அப்படியே திரும்பி நடந்து, வீட்டுக்கு வந்து, மறுபடியும் இட்லி சாப்பிடுவான். ஆபீஸில் அவன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. போன மாதம் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

பொற்கொடி எழுதத் தொடங்கியது பேச ஆளில்லாமல்தான். பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து வந்தபோது அந்த மாடியில் அவள் வீடு ஒன்றே இருந்தது. பிள்ளை தூங்கும். எழுந்திருக்கும். அழும். பால் குடிக்கும். மறுபடி தூங்கும். நாள் முழுக்க அவள் பேசிய வார்த்தைகள் "ஓ ஓ ஓ" என்பதும் "ஆச்சு ஆச்சு" என்பதும்தான். தனக்குப் பேச்சே மறந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் எழுதினாள்.

பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு. கண்பட்டுவிடும் என்று அவள் அதை எங்கேயும் எழுதியதில்லை. பதிவுகளில் அவனைப் 'பட்டாணி' என்றே குறிப்பிட்டாள். அவளே வெளியே சொல்லாததை நான் சொல்வது முறையாகாது. நாமும் பட்டாணி என்றே வைத்துக்கொள்வோம்.

இதில் அவள் மாமியாருக்கும் பங்கு உண்டு. கோவில்பட்டியிலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"என்னத்தையும் எழுதிக்கோ. பிள்ளையக் காட்டிராத. யாரு கண்ணு எப்படின்னு நமக்குத் தெரியாது. அதுலயும் பிள்ளை இல்லாதவ எவளாச்சும் இருந்தா..."

மாமியார் வாக்கியத்தை முடிக்கவில்லை. பொற்கொடி அவர் பேச்சில் பாதியைக் காதில் வாங்க மாட்டாள். இதை மட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் பட்டாணி உள்ளறையில் இருப்பான். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு இருக்கும்.

பட்டாணி முதன்முதலில் சிரித்தது மூன்றாம் மாதத்தில். சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். பொற்கொடி அன்றே அதைப் பதிவாக எழுதினாள். எழுதி முடித்து அடுப்படிக்குப் போனால், பால் சட்டியில் அந்தச் சிரிப்பு கெட்டியாக உறைந்திருந்தது. கரண்டியால் அள்ளும் பதம். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. மூடி வைத்தாள்.

அன்று காரிடாரில் முதல் கதவு வந்தது. பெயர்ப்பலகை இல்லாத கதவு. பதிவர்கள் பாஷையில் சொன்னால், அனானி.

புதிதாக ஒரு வீடு வந்தால் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா. கல்யாணத்துக்கு வந்த கிண்ணம் ஒன்றில் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனாள். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அவ்வளவுதான். ஒரு பின்னூட்டம் இல்லை. கிண்ணமும் திரும்பி வரவில்லை. கிண்ணம் போனதில் பொற்கொடிக்கு வருத்தம் இருந்தது. நல்ல கனமான கிண்ணம்.

அப்புறம் கதவுகள் வந்தன. தாய்ப்பால் பத்தவில்லை என்று சொந்தக்காரிகள் போனில் சொன்னதைப் பற்றி எழுதினாள், நான்கு கதவுகள். குளிப்பாட்டும்போது கை நடுங்கியதை எழுதினாள், ஒன்பது. பிள்ளை அழும்போது தானும் உட்கார்ந்து அழுததை எழுதிய அன்று ஒரு பக்கச் சுவரே போதவில்லை. எதிர்ப்பக்கமும் கதவு வைக்க ஆரம்பித்தார்கள்.

பின்னூட்டங்கள் எவர்சில்வர் சம்புடங்களில் வரும். மூடியில் அனுப்பியவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். திறந்தால் குரல் கேட்கும். "அருமைங்க." "எங்க வீட்லயும் இதே கததான்." "அழாத மக்கா, எல்லாம் சரியாவும்." முதல் பின்னூட்டம் போட்டவருக்கு வடை என்பது பதிவுலகத்தில் விளையாட்டாகச் சொல்வது. பொற்கொடி நிஜமாகவே வடை சுட்டாள். அதற்காக விடிவதற்குள் போட்டி போட்டார்கள்.

சம்புடங்களைத் திறந்து ஒவ்வொரு குரலாகக் கேட்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இத்தனை பேர் இருக்கிறார்களே என்று இருக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். அவள் அந்தக் காலத்தில் சந்தோஷமாக இருந்தாள்.

சிக்கல் சம்புடத்தைத் திருப்பிக் கொடுப்பதில் வந்தது. வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா. முதலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை தீர்ந்தது. கற்கண்டு, முறுக்கு, கறிவேப்பிலை எல்லாம் போட்டாள். தீர்ந்தன. கைப்பிள்ளைக்காரி எவ்வளவுதான் சமைப்பாள். கடைசியில் பால் சட்டியைத் திறந்து, சிரிப்பில் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தாள்.

அதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். கொண்டுபோய் அவரவர் பிள்ளையின் சிரிப்பில் உறை ஊற்றிக்கொண்டார்கள். சிரிக்காத பிள்ளை சிரித்தது. சிரித்த பிள்ளை இன்னும் கெட்டியாகச் சிரித்தது. சம்புடங்கள் இரண்டு மடங்காக வந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் சம்புடங்கள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் போட்டு, கடைசி இரண்டு சம்புடத்துக்குச் சட்டியை வழித்துப் போட்டாள். வழித்த சட்டியைக் கழுவியும் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் சிரிப்புக்கென்று உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கவில்லை. தயிர் ஊற்றுகிற எந்தப் பெண்ணும் செய்யாத தப்பு. கேட்டால் சிரிப்பார்கள். அன்று அவள் களைத்துப் போயிருந்தாள்.

மறுநாள் பட்டாணி சிரிக்கவில்லை.

வயிற்றில் ஊதினாள். துண்டால் முகத்தை மூடித் திறந்தாள். கதிரேசன் தலைகீழாக நின்று காட்டினான். பட்டாணி மனு வாங்குகிற தாசில்தார் மாதிரி எல்லாவற்றையும் பார்த்தான். பரிசீலிக்கிறேன் என்பது போலக் கண்ணை மூடித் தூங்கினான். அதற்கடுத்த நாளும் அப்படியே. பால் குடித்தான், வளர்ந்தான், பல்லியைக்கூடப் பார்த்தான். சிரிப்பு மட்டும் இல்லை. வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட அந்தச் சத்தம் வெகுநேரம் நின்றது.

டாக்டர் பட்டாணியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எடை சரியா இருக்கு. சிரிப்பு எங்க?"

"கொடுத்துட்டேன் டாக்டர்."

"எல்லாத்தையுமா?"

"சம்புடம் நிறைய வந்துருச்சு."

"உறைக்கு எடுத்து வைக்கலையா?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"இதுக்கு மருந்து கிடையாதும்மா. வாங்கினவங்க யார்ட்டயாவது ஒரு கரண்டி கேட்டு வாங்கிட்டு வாங்க. பிள்ளை வெதுவெதுப்பா இருக்கும்போது ஊத்தணும். சில்லுன்னு இருந்தா உறையாது."

வீட்டுக்கு வந்ததும் கதிரேசனிடம் பிள்ளையைக் கொடுத்தாள். ஒரு சம்புடத்தை எடுத்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் போறதா இருந்தா தண்ணி எடுத்துக்கோ" என்றான் கதிரேசன். "மறந்தாலும் பரவால்ல. லிஃப்ட் பக்கத்து வீட்ல ஒரு அம்மா தருவாங்க. நான் தினமும் அங்கதான் குடிப்பேன்."

"யாரு அவங்க?"

"தெரியல. பேசமாட்டாங்க. எதையோ படிச்சுட்டே இருப்பாங்க."

பொற்கொடி நடந்தாள். பக்கத்துக் கதவுகள் எல்லாம் புதியவை. பெயின்ட் வாசம் போகவில்லை. தட்டிய இடமெல்லாம், "நாங்க நேத்துதான் வந்தோம்க்கா, எங்களுக்கு இன்னும் சிரிப்பு வரல" என்றார்கள். சிலர் அவளை உள்ளே கூப்பிட்டு, தங்கள் பிள்ளைக்குச் சளி பிடித்திருப்பதைக் காட்டினார்கள். அவள் கற்பூரவல்லி கொடுக்கச் சொன்னாள்.

உச்சி வெயில் அடிக்கும் இடத்தில் ஜெஸிந்தாவின் வீடு இருந்தது. நாகர்கோவில்காரி. 'அழாத மக்கா' என்று அனுப்பியவள் அவள்தான். கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே ஒரு குழந்தை சிரித்தது.

பொற்கொடி கையை இறக்கிவிட்டு அப்படியே நின்றாள். பட்டாணியின் சிரிப்பு. முதலில் ஒரு திடுக், பிறகு மூன்று கிளுக், பிறகு நீளமாக ஒன்று. அவளுக்குத் தெரியாதா. சிரித்தது ஜெஸிந்தாவின் மகள். பொற்கொடியின் ரவிக்கை பாலில் நனைந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"நீயா? வா மக்கா, உள்ள வா."

"உறைக்கு ஒரு கரண்டி வேணும்க்கா. வீட்ல சுத்தமா இல்ல."

ஜெஸிந்தாவின் முகம் சுருங்கிப் போனது.

"இப்பந்தான் பிள்ளைக்கு ஊத்துனேன். உறையிற நேரத்துல கலைச்சா தண்ணி விட்டுரும். அவளுக்கும் இல்லாம போவும், ஒனக்கும் இல்லாம போவும்."

"வேற எடுத்து வைக்கலையா?"

"வச்சிருந்தேன். தங்கமணி வந்து வாங்கிட்டுப் போய்ட்டா. அவகிட்ட கேளு, தருவா."

குழந்தை உள்ளே மறுபடி சிரித்தது. ஜெஸிந்தா கதவை மெதுவாக, சத்தம் வெளியே வராதபடி சாத்தினாள். இரக்கத்தில்தான் சாத்தினாள்.

தங்கமணி ஈரோட்டுக்காரி. அவள் வாசலுக்குப் போய்ச் சேரும்போது அங்கே சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே காமாட்சி விளக்கு எரிந்தது. பொற்கொடி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, உறைமோர் இந்த மூன்றையும் யாரும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்க மாட்டார்கள். லட்சுமி கூடவே போய்விடுவாள். பொற்கொடியே கொடுக்க மாட்டாள்.

"உங்களுக்கு இல்லைங்கறதுங்களா?" என்றாள் தங்கமணி. "ஒரு நிமிசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதுங்களா? இப்பத்தான் திரியைத் தூண்டிவிட்டேன்."

"நடந்துதான வரணும். காரிடார் நீளம்."

"நாளைக்குக் காலையில வாங்க."

"நான் காலையில கிளம்பினாலும் இங்க வரும்போது நீங்க விளக்கு வச்சிருப்பீங்களே."

தங்கமணி யோசித்தாள்.

"ஆமாங்க. எங்க வாசல்ல எப்பவும் இதே நேரந்தானுங்க."

"உங்க வீட்ல காலைன்னு ஒண்ணு வராதா?"

"வந்ததில்லைங்க. கஷ்டந்தான்." அவள் கண் கலங்கிவிட்டது. "காப்பி குடிக்கிறீங்களா? காப்பி கொடுக்கலாம்."

பொற்கொடி காப்பி குடித்தாள். காப்பி நன்றாக இருந்தது. தங்கமணி கொஞ்ச தூரம் கூட வந்து விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவள் தட்டவில்லை. ஜன்னல்கள் வழியாகப் பட்டாணியின் சிரிப்பு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. காரிடார் முழுக்க அவள் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வீட்டில் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை பேரைச் சேர்த்து வைத்திருக்கிறோமே, ஒருத்தரிடமும் ஒரு கரண்டி வாங்க முடியவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. நடந்துகொண்டே அழுதாள். நிற்பதற்கு நேரமில்லை.

லிஃப்ட் தெரிந்தது. அதை ஒட்டிப் பெயர்ப்பலகை இல்லாத கதவு. சுற்றிலும் இருட்டு. அந்த வீட்டில் மட்டும் விளக்கு இல்லை. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அதன் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். தலை பின்னியது பின்னியபடி பாதியில் நின்றிருந்தது.

"தண்ணியா?" என்று திரும்பாமலே கேட்டார். பிறகு திரும்பினார். எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்களா?"

"உங்க வீட்ல இன்னும் விளக்கு வைக்கலையா?" என்றாள் பொற்கொடி.

"முதல் பதிவு படிக்க உக்காந்தேன். முடிச்சிட்டு எந்திரிச்சு வைக்கலாம்னு நெனச்சேன். நீங்க அடுத்தது எழுதிட்டீங்க. அப்புறம் அதுக்கடுத்தது." அந்த அம்மாள் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டார். "எந்திரிக்கவே இல்ல."

"ஒரு பின்னூட்டம்கூட நீங்க போட்டதில்லையே."

"எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த இடத்துல வந்து நான் என்ன சொல்ல?"

திரையில் பொற்கொடியின் பதிவு திறந்திருந்தது. பிள்ளை அழும்போது தானும் அழுததை எழுதிய பதிவு.

"கிண்ணத்தைத் தரலையேன்னு கோவமா இருக்கும்" என்றார் அந்த அம்மாள். "வெறும் கிண்ணத்தைத் தரக்கூடாதுன்னுதான் வச்சிருந்தேன். போட்டுத் தர ஒண்ணும் இல்ல."

"அதுல இருந்த சிரிப்பு?"

"இருக்கே."

"இன்னுமா? இத்தன மாசமா எப்படிக் கெடாம இருக்கு?"

"தினமும் உறை ஊத்துறேன்ல."

"எதுல ஊத்துவீங்க? வீட்லதான் பிள்ளை இல்லன்னீங்களே."

அந்த அம்மாள் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"நான்தான் சிரிச்சேன். வேற யாரு இருக்கா?"

சிரித்தும் காட்டினார். முதலில் ஒரு திடுக், பிறகு மூன்று கிளுக், பிறகு நீளமாக ஒன்று. எல்லாம் பட்டாணியுடையது. முடியும் இடத்தில் மட்டும் மூச்சை உள்ளே இழுத்து விக்குவது போல ஒரு சின்னச் சத்தம். அது அவருடையது.

அவர் அந்தக் கனமான கிண்ணத்திலேயே நிறையப் போட்டுக் கொடுத்தார். தனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டார். மூடுவதற்குத் தட்டு ஒன்றும் கொடுத்தார். பொற்கொடி ஒரு கையால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்தாள். வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் தங்கமணி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜெஸிந்தா வாசலில் நின்று, கிடைத்ததா என்று தலையை ஆட்டிக் கேட்டாள். கிடைத்தது என்று பொற்கொடி கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜெஸிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டில் காலை. பட்டாணி அப்போதுதான் தூங்கி எழுந்து வெதுவெதுப்பாக இருந்தான். ஒரு கரண்டி ஊற்றினாள். அசைக்காமல் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதிரேசன் இட்லியை மெல்லும் சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டான். பல்லி சுவரில் ஓடியது.

பட்டாணி சிரித்தான். திடுக். கிளுக், கிளுக், கிளுக். நீளமாக ஒன்று. அப்புறம் மூச்சை உள்ளே இழுத்து ஒரு சின்ன விக்கல்.

பொற்கொடி தரையிலேயே படுத்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. கதிரேசன் பிள்ளையைக் குனிந்து பார்த்தான்.

"கடைசியில ஒண்ணு வருதே, அது யாரு மாதிரி? எங்க பக்கம் இப்படி யாரும் சிரிக்க மாட்டாங்க."

"எங்க பக்கமும் இல்ல" என்றாள் பொற்கொடி.

மறுநாள் வாசலில் ஒரே ஒரு சம்புடம் இருந்தது. பழைய சம்புடம். மூடியில் புள்ளி புள்ளியாக 'வெ. அமிர்தவல்லி' என்று வெட்டியிருந்தது. அவள் அறியாத பெயர். திறந்தாள்.

"விளக்கு வச்சிட்டேன்."

அவ்வளவுதான் பின்னூட்டம். பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். பெயர்ப்பலகை இல்லாத கதவு எதிரிலேயே இருந்தது. பின்னூட்டம் புதிதல்லவா, வீடு முன்னால் வந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே காலை வெளிச்சத்தில் ஒரு விளக்கு நிதானமாக எரிந்தது.

அவள் சம்புடத்தைக் கழுவித் துடைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மூடினாள். பால் சட்டியைப் பார்த்தாள். அதையும் மூடினாள். உள்ளறைக்குப் போய்ப் பட்டாணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் மைப்பொட்டு கலைந்து போயிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். வேறு வைக்கவில்லை.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் கதிரேசன்.

"எதிர் வீட்டுக்கு. சம்புடத்தைக் கொடுத்துட்டு வரேன்."

"வெறும் சம்புடத்தையா?"

"ஆமா."

நான்கு எட்டுகூட இல்லை. அமிர்தவல்லி வாசலுக்கு வந்தார். சம்புடத்தை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடினார். பிறகு பொற்கொடியின் இடுப்பைப் பார்த்தார். பார்க்கலாமா என்று யோசித்தவர் போல ஒரு முறை தலையைக் குனிந்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பட்டாணி அவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான்.

"பேரு என்ன?" என்று கேட்டார் அமிர்தவல்லி.

பொற்கொடி சொன்னாள்.